ஒரு வாளி வெந்நீருக்கு 837 சிமிட்டல்

எங்கள் வீட்டு மின்மீட்டரில் கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டே இருக்கும். பல வருஷமாக அதன் அடியில் நின்றுதான் செருப்பு மாட்டுகிறேன், ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஒரு நாள் முழுக்க மின்சாரமே இல்லாமல் இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன். அதற்கு முந்தின இரவுதான் கைக்கடிகாரத்தோடு ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன்.

மீட்டரின் முகப்பில் 3200 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கிறது. விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று பொருள். இது மீட்டருக்கு மீட்டர் மாறும். உங்கள் வீட்டில் 1600 என்று இருக்கலாம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல். ஆக எங்கள் வீட்டில் ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல்.

எல்லாரும் படுத்தாகிவிட்டது. விளக்கு, மின்விசிறி எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. ஒன்பது நொடிக்கு ஒரு சிமிட்டல் வந்தது. ஃப்ரிட்ஜ், வேறென்ன. சற்று நேரத்தில் அதன் கம்ப்ரசர் ஒரு முனகலோடு நின்றது. சரி, இனிமேல் சிமிட்டாது, உள்ளே போகலாம் என்று எழுந்தேன். 28-ஆவது நொடியில் சிமிட்டியது. உட்கார்ந்தேன். மறுபடி 28 நொடி, மறுபடி ஒரு சிமிட்டல்.

கணக்குப் போட்டால் 40 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்தில் வீடு தின்னும் தீனி அது. ரவுட்டர், செட்-டாப் பாக்ஸ், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் டிவி, மணி காட்டிக்கொண்டிருக்கும் மைக்ரோவேவ், எதையும் சார்ஜ் செய்யாமல் பிளக்கில் தொங்கும் சார்ஜர்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், வருஷத்துக்கு 350. நான்கு எல்.இ.டி. பல்புகளைப் போட்டுவிட்டு ஆண்டு முழுக்க அணைக்காமலே விட்டால் இதே அளவுதான் ஆகும். அப்படி ஒருவர் வீட்டில் எரிவதைப் பார்த்தால் நாம் சும்மா இருப்போமா?

இந்தத் தூங்காத தீனி உலகம் அறிந்த விஷயம்தான். காத்திருக்கும் கருவி ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற இலக்கை 1999-லேயே சர்வதேச எரிசக்தி முகமை முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு 2010-இல் அதைக் கட்டாயமாக்கி, 2013-இல் அரை வாட்டாக இறுக்கியது. ஆனால் எந்நேரமும் இணையத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கருவிகளுக்கு விதி அவ்வளவு கறார் இல்லை. இப்போது வீட்டுக்குள் வந்து குவிவதோ அந்த ரகம்தான்.

மெயின் சுவிட்சைத் தொடும் முன்பே இவ்வளவு தெரிந்துபோனது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இறக்கினேன். அடுத்த நாள் காலை ஆறு மணிவரை ஏற்றக்கூடாது என்பது ஒப்பந்தம். வீட்டில் மூன்று பேர்: நான், மனைவி, பதின்மூன்று வயது மகள். மகள்தான் சட்ட நிபுணி.

"அப்பா, செல்போன்ல சார்ஜ் இருக்கே, அது கணக்குல வருமா?"

"வரும். அது நேத்து மின்சாரம். அணைச்சு வை."

"அப்போ மேல் தொட்டித் தண்ணி? அதுவும் நேத்து மோட்டார் ஏத்தினதுதானே?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. யோசிக்க யோசிக்க வீடு முழுக்க நேற்றைய மின்சாரம் கிடந்தது. தேய்த்து மடித்த சட்டை நேற்றைய மின்சாரம். ஃப்ரீசரில் உறைந்திருக்கும் பாட்டில்களும் அப்படியே. ஃப்ரிட்ஜின் கதவைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம்தான் குளிர் பாதுகாப்பாக நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள்வரை தாங்கும். அதற்காகவே முந்தின நாள் ஃப்ரிட்ஜைக் காலி செய்துவிட்டு, தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் அடைத்து உறையவிட்டிருந்தேன். சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். மகள் ஒரே கேள்வியில் அதை முன்பணம் ஆக்கிவிட்டாள்.

பாட்டில்களை மன்னித்து, மேல் தொட்டியை மட்டும் அடைத்தோம். கீழ்த் தொட்டியிலிருந்து தண்ணீர் தூக்குவது என் வேலை. அந்தத் தண்ணீரைக் கீழ்த் தொட்டிவரை தள்ளியதும் எங்கோ ஓடிய ஒரு மோட்டார்தான். அதற்கு மேல் தோண்டினால் காட்டுக்குத்தான் போகவேண்டும், விட்டுவிட்டேன். அடுப்பு எரிவாயுவில், தீக்குச்சி போட்டுப் பற்றவைத்தோம். இந்த இடத்தில் சவாலின் வேஷம் கொஞ்சம் கலைகிறது: எரிவாயுவும் கரியமில வாயுவைத்தான் விடுகிறது, மீட்டருக்குத் தெரியாமல் விடுகிறது, அவ்வளவுதான். உலகம் கடைசியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். மெயின் சுவிட்சுக்கு வெளியே நான்கு பங்கு இருக்கிறது.

இருப்பது மூன்றாவது மாடி, ஏறக்குறைய பத்து மீட்டர் உயரம். 15 லிட்டர் வாளி. பன்னிரண்டு நடை நடந்தேன். நான்காவது நடையில் மூச்சு வாங்கியது, ஏழாவதில் முழங்கால் தன் பெயரைச் சொன்னது, பன்னிரண்டாவதில் மனிதகுலத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியிருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தேன். மீட்டர் விளக்கு இந்த உழைப்புக்கு எத்தனை தடவை சிமிட்டியிருக்கும்?

15 கிலோவைப் பத்து மீட்டர் ஏற்ற 1470 ஜூல். ஒரு வாளிக்கு ஒரு சிமிட்டலும் கொஞ்சமும். பன்னிரண்டு வாளிக்கும் சேர்த்து 16 சிமிட்டல்! மோட்டார் அவ்வளவு கச்சிதமாக வேலை செய்யாது. இரண்டு மூன்று மடங்கு எடுத்தாலும் ஐம்பதைத் தாண்டாது. என் காலைப்பொழுதும் முழங்காலும் போனது ஒரு யூனிட்டின் சில்லறையிலும் சில்லறைக்கு.

அதே காகிதத்தில் இன்னொரு கணக்கையும் போட்டேன். வழக்கமாக அந்த வாளித் தண்ணீரில் குளிக்கும்போது ஹீட்டர் அதை 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுபோகும். வெறும் பதினைந்து டிகிரி, வெதுவெதுப்புதான். அதற்கு வேண்டியது 9,42,000 ஜூல். 837 சிமிட்டல்.

நம்ப முடியாமல் மறுபடி போட்டேன். அதேதான் வந்தது. ஒரு வாளித் தண்ணீரை மூன்றாம் மாடிக்குத் தூக்குவதைவிட, தூக்கிய தண்ணீரை வெதுவெதுப்பாக்க அறுநூறு மடங்குக்கும் மேலான ஆற்றல் வேண்டும். உடம்புக்கு இது தெரியாது. உடம்பைக் கேட்டால் தூக்கியதுதான் வேலை, வெந்நீர் என்பது குழாயைத் திருகுவது. ஹீட்டர் மூச்சு வாங்குவதில்லை, அதனால் அது உழைப்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

எங்கள் வீடு ஒரு நாளைக்குச் சராசரியாக எட்டு யூனிட் எடுக்கிறது. நன்றாக உழைக்கும் ஒருவர் விடாமல் தரக்கூடிய சக்தி 75 வாட் அளவு. எட்டு மணி நேரம் உழைத்தால் 0.6 யூனிட். மூன்று பேருக்குச் சேவகம் செய்ய நாள் முழுக்கப் பதின்மூன்று பேரைச் சுவருக்குள் நிறுத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களில் ஐந்து பேர் தண்ணீர் சுடவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

குளிர்ந்த நீரில் குளித்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கத்தினேன், முடிந்தது.

பத்து மணிக்கு மேல்தான் வினையே தொடங்கியது. அன்று துணி துவைக்கிற நாள். நான் வரவேற்பறையில் சன்னல் வெளிச்சத்தில் புத்தகத்தோடு சாய்ந்து, மின்சாரம் இல்லாத வாழ்க்கை எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து துணியை அடித்து அலசும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"சவால் யாரோடது?"

"நம்ம எல்லாரோடதும்தான்..."

"அப்படியா? நீங்க நிதானமா இருக்கீங்க. போர்வை ரெண்டு ஊறிட்டு இருக்கு."

போய் உட்கார்ந்தேன். ஊறிய போர்வையின் எடை என்ன என்று அதுவரை எனக்குத் தெரியாது. முறுக்கிப் பிழிவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போனது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வாஷிங் மெஷின் சாதாரண நீரில் இதே வேலையைச் செய்ய அரை யூனிட்கூட எடுக்காது. துவைக்கும் இயந்திரத்திலும் வெந்நீர்ப் பித்தானை அழுத்தினால்தான் கணக்கு எகிறும். அப்போது அது தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகும், துணியைச் சுழற்றுவதற்குப் போவது சொற்பம்.

மின்சாரத்தை விட்டுவிட்டு எளிமையாக வாழ்வது பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலும் யாரோ ஒருவர் அமைதியை உணர்கிறார். அந்த நேரத்தில் போர்வையை யார் துவைக்கிறார் என்று எழுதியிருப்பதில்லை. சுவிட்சை இறக்குவதற்கு ஒரு நொடி போதும். இறக்கியதும் அந்த வேலை காணாமல் போய்விடாது, வீட்டில் யாரோ ஒருவர் கைக்கு மாறும். யார் கைக்கு என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 2022 கணக்கில் உலகில் 68 கோடிப் பேருக்கு மின் இணைப்பே கிடையாது. அவர்கள் வீடுகளில் தண்ணீரும் விறகும் துணியும் பெரும்பாலும் பெண்கள் தலையிலும் இடுப்பிலும் கையிலும்தான். அவர்களிடம் போய் என் ஒரு நாள் அனுபவத்தைச் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது.

மதியம் வெக்கை, தூக்கம், கொஞ்சம் சீட்டாட்டம். இதில் சொல்ல அதிகம் இல்லை.

மாலை ஆறரைக்கு மகள் நான்கு மெழுகுவத்திகளை மேசைமேல் நிறுத்தினாள். வீடு சட்டென்று அழகாகிவிட்டது. முகங்கள் மஞ்சளாயின, குரல்கள் தாமாகவே இறங்கின. 2007 மார்ச் 31 அன்று சிட்னியில் முதல்முதலாக 'பூமி நேரம்' கடைப்பிடித்து விளக்கை அணைத்தவர்களில் பலரும் இப்படித்தான் மெழுகுவத்தியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நானும் நெகிழ்ந்துதான் இருந்தேன். ஆனால் காலையில் எடுத்த காகிதம் இன்னும் சட்டைப்பையில் இருந்தது.

சாதாரண மெழுகுவத்தி பாரஃபினால் ஆனது. பாரஃபின் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. ஒரு மெழுகுவத்தி மணிக்கு ஏழு கிராம்போல எரிந்து, 80 வாட் வெப்பத்தைக் கொட்டும். அதில் வெளிச்சமாவது வெறும் 12 லூமன். பத்து வாட் எல்.இ.டி. பல்பு தருவது 900 லூமன். அந்த ஒரு பல்புக்கு ஈடாக எழுபத்தைந்து மெழுகுவத்திகளை ஏற்றவேண்டும். ஏற்றினால் அறை அடுப்பாகும்.

கரியமில வாயுவில் பார்த்தாலும் மெழுகுவத்தி தோற்கிறது. ஒரு மெழுகுவத்தி மணிக்கு 20 கிராமுக்குச் சற்று மேல் விடும். உலக மின் உற்பத்தியின் 2023 சராசரிப்படி ஒரு யூனிட்டுக்கு 480 கிராம். பத்து வாட் பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஐந்து கிராம்கூட ஆகாது. எங்கள் மேசைமேல் இருந்த நான்கு சுடரும், அணைத்து வைத்த பல்பைவிடப் பதினெட்டு மடங்கு கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருந்தன, வெளிச்சமோ பதினெட்டில் ஒரு பங்குகூட இல்லை.

இதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கக்கூடாது. மகள் கணக்கில் புலி.

"ஒரு பல்பை ஒரு மணி நேரம் அணைக்காம விட்டா எத்தனை சிமிட்டல்ப்பா?"

"முப்பத்திரண்டு."

"நீங்க குளிக்கிற வாளி?"

"எண்ணூத்தி முப்பத்தேழு."

அவள் கொஞ்ச நேரம் சுடரையே பார்த்தாள். "அப்போ ஒரு வாளி வெந்நீருக்கு ஒரு பல்பு ஒரு நாளுக்கு மேல எரியும். எனக்கு விவரம் தெரிஞ்சதுலேர்ந்து லைட்டை அணை, லைட்டை அணைன்னு என்னைத் திட்டிட்டு இருந்தீங்களே, அது எதுக்கு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. என்னையும் என் அப்பா அப்படித்தான் திட்டினார். அவர் காலத்தில் அது நியாயம்: அது 60 வாட் குண்டு பல்பு, வாங்கிய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வெளிச்சமாக்காமல், மீதியைச் சூடாக விட்டது. பல்பு மாறிவிட்டது, திட்டு மாறவில்லை. எங்கள் வீட்டில் எரியும் ஆறு பல்புகளும் ஒரு மாலைப்பொழுதுக்கு எடுப்பது 0.3 யூனிட். எட்டில் 0.3. நான் காவல் காத்ததெல்லாம் அந்த 0.3-ஐத்தான், ஏனென்றால் அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு மனத்தை உறுத்தும். பரண்மேல் வெள்ளைத் தொட்டிக்குள் நாள் முழுக்கச் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும் தண்ணீர் யாரையும் உறுத்தாது.

மெழுகுவத்திகளை ஊதி அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனோம். முதல் சில நிமிடங்கள் கைப்பிடிச் சுவரே தெரியவில்லை. கண்ணுக்கு இருட்டு பழக அரைமணி நேரமாவது வேண்டும். விழித்திரையின் கோல் செல்கள் அதுவரை சாவகாசமாக விழித்துக்கொள்கின்றன. நடுவில் ஒரு தீக்குச்சி கிழித்தால் பெரும்பகுதி வீண், மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவரை எங்களுக்கு உண்மையில் இருட்டே கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஓர் ஓரத்தில் சிவப்புப் பிளாஸ்டிக் வாளியும் பக்கத்தில் பச்சைச் செடியும் இருந்தன. பகலில் கண்ணைப் பறிக்கும் அந்த வாளி கரிக்கட்டையாகிவிட்டது. செடியோ சாம்பல் வெளுப்பில் தனியாகத் தெரிந்தது. மங்கும் ஒளியில் சிவப்பு முதலில் சாகும், பச்சையும் நீலமும் கடைசிவரை தாங்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே இதைக் கவனித்து எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் இதை அழைக்கிறார்கள். மனைவி கயிற்றில் காயும் போர்வைகளைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் ஈரம்" என்றாள். என் பிழிசல் அப்படி.

அரைமணிக்குப் பிறகு மூவரும் தடுமாறாமல் நடந்தோம், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தது. இவ்வளவு குறைந்த வெளிச்சம் போதும் என்று சொல்லிப் பெருமைப்படலாம்தான். படிக்கவோ தைக்கவோ காயத்துக்குக் கட்டுப்போடவோ அது போதாது. ஒன்பதுக்கே தூங்கிவிட்டோம்.

காலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை ஏற்றியதும் வீடு ஒரே நேரத்தில் பத்துக் குரலில் இருமியது. மீட்டரில் முந்தின நாள் கணக்கு பூஜ்யம். உடனே பீற்றிக்கொள்ளாமல் அன்று இரவும் போய்ப் பார்த்தேன்: பதினொன்று. வழக்கத்தைவிட மூன்று கூடுதல். ஃப்ரிட்ஜ் மறுபடி குளிரவேண்டியிருந்தது, மூன்று செல்போனும் இரண்டு மடிக்கணினியும் பசியோடிருந்தன, மோட்டார் ஓடியது. எல்லாரும் பழிதீர்ப்பதுபோல வெந்நீரில் குளித்தோம், என்னையும் சேர்த்துத்தான். எட்டு யூனிட் மிச்சம் என்று நினைத்தது ஐந்தாயிற்று. நிலக்கரியில் ஒரு யூனிட் தயாரிக்க, கரியின் தரத்தைப் பொறுத்து, அரைக் கிலோவோ அதற்கு மேலோ தேவை. ஐந்து யூனிட்டுக்கு இரண்டரை மூன்று கிலோ. ஒரு நாள் பாட்டுக்கு அவ்வளவுதான், வருஷத்தில் மிச்சமிருக்கும் 364 நாளில் இதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்கடுத்த வாரம் செய்தவற்றில் பார்த்துப் பரவசப்பட ஒன்றுமில்லை. ஹீட்டரின் முள் 65-இல் இருந்தது, 50-க்கும் கீழே இறக்கப் போனேன். பிளம்பர் தடுத்தார்: தொட்டியில் வெதுவெதுப்பாகவே கிடக்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், 60-க்குக் கீழே போகாதீர்கள் என்றார். அதனால் 60-லேயே நிறுத்தி, குளிப்பதற்கு முன் மட்டும் ஓடும்படி டைமர் போட்டேன். டிவிக்குப் பின்னால் எல்லாவற்றையும் ஒரே சுவிட்சுப் பலகையில் செருகி, படுக்கும்போது அதை அணைக்கிறேன். துவைப்பது, தேய்ப்பது, மோட்டார் போடுவது மூன்றையும் நண்பகலுக்குத் தள்ளினோம். சூரிய மின்சாரம் கம்பியில் ஏராளமாக இருக்கும் நேரம் அது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஊரே ஒன்றாகச் சுவிட்சைப் போடும், சூரியனும் இருக்காது, அப்போது அடித்துப்பிடித்து ஓடுவது பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும்தான். ஒரே யூனிட்டானாலும் பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒன்றல்ல. இப்போது நாளொன்றுக்கு ஆறேகால், ஆறரை யூனிட் வருகிறது. ஸ்டூல் மீட்டருக்கு எதிரிலேயே கிடக்கிறது. இரவில் சிமிட்டலுக்கு 28 நொடி இருந்தது 75 நொடி ஆகியிருக்கிறது. இன்னும் 15 வாட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை, மகள் மைக்ரோவேவைச் சந்தேகப்படுகிறாள்.

மின்சாரமில்லா நாளை மறுபடி வைக்கலாமா என்று போன வாரம் கேட்டேன். மகளுக்குச் சம்மதம், மொட்டை மாடிக்காக. மனைவி துணிக்கூடையைப் பார்த்தாள்.

"வைங்க. முந்தின நாளே போர்வையை நீங்க துவைச்சுக் காயப்போட்டுட்டு, அப்புறம் சுவிட்சை இறக்குங்க."

"மெஷின்லயா, கையாலயா?"

"அது உங்க சவால்" என்றாள்.